குழந்தைகள், விசா, புது வேலை: கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"அக்கா, ரெண்டு சின்னப் பசங்களை வச்சுக்கிட்டு இங்க புதுசா ஒரு துறைக்கு மாற முடியுமா?" வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கணவருடைய எச்-1பி விசாவோடு அமெரிக்கா வந்தவர்கள். ஊரில் பி.இ., பி.ஃபார்ம்., பி.டி.எஸ்., எம்.காம். என்று ஏதோ ஒன்று படித்து, இரண்டு மூன்று வருஷம் வேலையும் பார்த்தவர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு மணி நேரம் சொல்வதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ல் பி.இ., எலெக்ட்ரானிக்ஸ். ஐந்து வருஷம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். 2008-ல் எச்-4 விசாவில் இங்கே வந்தேன். 2010-லும் 2013-லும் குழந்தைகள். 2016-ல் முதல் மென்பொருள் வேலை. இப்போது அதே துறையில்தான் இருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, வரி ஆலோசகரும் இல்லை. ஆனால் எட்டு வருஷம் விதிகளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்ததால், விதி படிப்பது பழக்கமாகிவிட்டது.

தன்னம்பிக்கை, குடும்ப ஆதரவு இவற்றைப் பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் பார்த்தவரை, வழியில் நான்கு பூட்டுகள் இருக்கின்றன: விசா, உரிமம், குழந்தைப் பராமரிப்பு, வேலை நேரம். எந்தப் பூட்டு நம் கதவில் தொங்குகிறது என்று தெரியாமல் சாவி தேடுவதால்தான் பாதி வருஷங்கள் போகின்றன.

பூட்டு 1: வேலை பார்க்க அனுமதி

2015 மே 26-க்கு முன்னால் எச்-4 விசாவில் இருப்பவர் எந்த வேலையும் பார்க்க முடியாது. அன்று அமலுக்கு வந்த விதிதான் எச்-4 ஈ.ஏ.டி. எனப்படும் வேலை அனுமதி அட்டைக்கு வழி திறந்தது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. கணவருக்கு (அல்லது மனைவிக்கு) கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். அல்லது எச்-1பியின் ஆறு வருஷ வரம்பைத் தாண்டி அவருக்கு நீட்டிப்பு கிடைத்திருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குக் கிரீன் கார்டில் 7 சதவீத உச்சவரம்பு இருப்பதால், வேலைவாய்ப்புப் பிரிவில் நம்மவர்களின் வரிசை பத்து வருஷத்துக்கு மேல் நீள்கிறது. அவ்வளவு காலமும் மனைவி எச்-4-லேயே இருப்பார். குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயது மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "பைத்தான் படிக்கலாமா?" என்பது இல்லை. "உங்க வீட்டுக்காரரோட ஐ-140 எந்த நிலையில இருக்கு?" என்பதுதான். கம்பெனி அதை இன்னும் தொடங்கவே இல்லையென்றால், தொடங்கச் சொல்லிக் கேட்பதுதான் உங்கள் புது வேலைக்கான முதல் விண்ணப்பம். பல வீடுகளில் இதைக் கணவருடைய அலுவலக விஷயம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது உங்கள் விஷயமும்தான்.

எல்-1 விசாவில் வந்தவர்களின் மனைவிகள் கதை வேறு. 2021 நவம்பரில் ஒரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு, எல்-2 வாழ்க்கைத்துணைக்கு அந்த நிலையே வேலை அனுமதி. தனி அட்டை தேவையில்லை. ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே படிப்பு படித்த இரண்டு பெண்களில் ஒருத்தி வேலைக்குப் போக, இன்னொருத்தி வீட்டில் இருப்பதற்குக் காரணம் திறமை இல்லை, விசாவின் எழுத்துதான்.

எச்-4 ஈ.ஏ.டி. விதியை எதிர்த்து 2015-ல் தொடங்கிய வழக்கு பத்து வருஷம் இழுத்தது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அந்தப் பயம் அதோடு தணிந்தது. ஆனால் அதே மாசம் வேறொன்று மாறியது. அதுவரை, புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அட்டை தானாக நீட்டிக்கப்படும் வசதி இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு கிடையாது. புது அட்டை வரும்வரை வேலையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். காலாவதிக்கு 180 நாள் முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். குறைந்தது மூன்று மாசச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். இப்படி இடைவெளி விழுந்தால் டேகேர் இடத்தை விடக்கூடாது, அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள். விட்ட இடம் திரும்பக் கிடைக்க மாசக்கணக்கில் ஆகலாம்.

அட்டை இல்லாத காலத்தில் என்ன செய்யலாம்? படிக்கலாம். எச்-4-ல் படிக்கத் தனி அனுமதி வேண்டாம். எஃப்-1 மாணவர் முழுநேரம் படித்தாக வேண்டும். எச்-4-ல் இருப்பவர் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடம்கூட எடுக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. நான் கம்யூனிட்டி கல்லூரியில் ஜாவா, அடுத்த பருவம் டேட்டாபேஸ், அதற்கடுத்தது லினக்ஸ் என்று ஒவ்வொன்றாகத்தான் முடித்தேன். வாரம் இரண்டு மாலை, ஆறரை முதல் ஒன்பது வரை. அந்த நேரம் வீட்டுக்காரர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்.

முழுநேர எம்.எஸ். படிக்க எஃப்-1-க்கு மாறுபவர்களும் உண்டு. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. எனப்படும் 12 மாச வேலை அனுமதியும், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பென்றால் மேலும் 24 மாசமும் கிடைக்கும். ஆனால் கட்டணம் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம். அதன் பிறகு எச்-1பி குலுக்கல். தவிர, எஃப்-1 என்பது "படித்துவிட்டுத் திரும்பிப் போவேன்" என்று சொல்லி வாங்கும் விசா. குடும்பம் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது அது சிக்கலாகலாம். இந்த ஒரு முடிவுக்கு மட்டுமாவது வழக்கறிஞருக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று. "ஊர்ல இருக்குற கம்பெனிக்கு இங்க இருந்தே வேலை பார்த்து, சம்பளத்தை அங்க அக்கவுண்ட்ல வாங்கிக்கலாமே" என்று கேட்பார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அமெரிக்கா. சம்பளம் எந்த நாட்டில் விழுகிறது என்பது அதை மாற்றாது. வழக்கறிஞர்கள் பொதுவாக வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பத்து வருஷ வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

பூட்டு 2: உரிமம்

துறைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன்: அரசு உரிமம் வேண்டியவை, வேண்டாதவை.

உரிமம் வேண்டிய துறையில் இருந்தவர்களுக்கு அதே துறையில் தொடர்வதே கிட்டத்தட்ட புதுத் துறைக்கு மாறுவது மாதிரிதான். பி.டி.எஸ். முடித்தவர் இங்கே பல் மருத்துவர் ஆக வேண்டுமென்றால், பெரும்பாலான மாநிலங்களில் பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடி இரண்டு மூன்று வருஷம் படிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். என்றால் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகள், பிறகு ரெசிடென்சி. நர்ஸுக்கு என்க்ளெக்ஸ் தேர்வு. மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் நேரான பாதை. பள்ளி ஆசிரியருக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சான்றிதழ். மாநிலம் மாறினால் திரும்பக் கொஞ்சம் அலைய வேண்டும்.

நம் ஊர் பி.ஃபார்ம். படித்தவர்களுக்குத்தான் கதவு ரொம்பக் கெட்டியாக மூடியிருக்கிறது. 2003 ஜனவரி 1-லிருந்து பட்டம் பெற்ற வெளிநாட்டு மருந்தாளுநர்கள், உரிமத்துக்கான சமநிலைத் தேர்வை எழுதவே ஐந்து வருஷப் பாடத்திட்டம் படித்திருக்க வேண்டும். நம் பி.ஃபார்ம். நான்கு வருஷம். எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்த ஒரு வருஷம் குறைகிறது. ஃபார்ம்.டி. புதிதாகப் படிக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துச் சந்துக்குள் போக வேண்டும்: மருந்துச் சோதனைத் தரவுகளைக் கையாளும் சாஸ் நிரலாக்கம், மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து ஆராயும் வேலை, ஒழுங்குமுறை ஆவணங்கள் தயாரிப்பது. இவற்றுக்கு உரிமம் வேண்டாம், ஆனால் மருந்து தெரிந்திருப்பது பெரிய பலம்.

வணிகவியல் படித்தவர்கள் சி.பி.ஏ. பற்றி மட்டுமே கேட்கிறார்கள். அதில் பட்டத்தை மதிப்பிடுவது, கூடுதல் பாடங்கள் என்று நீளும். 'என்ரோல்டு ஏஜென்ட்' என்ற இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்று பகுதித் தேர்வு. பட்டம் எதுவும் கட்டாயமில்லை. மத்திய அரசு தரும் உரிமம் என்பதால் மாநிலம் மாறினாலும் செல்லும். கணவர் வேலை மாறும்போதெல்லாம் ஊர் மாறும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேலை அனுமதி வந்த பிறகுதான் சம்பாதிக்கலாம். ஆனால் பாடத்தை இப்போதே படிக்கத் தொடங்கலாம்.

மென்பொருளுக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கும் விடை இங்கேதான். அதன் மேல் காதல் கொண்டு வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். நான்கு வருஷ பி.இ. பட்டம் இங்கே பொதுவாக இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது, அரசு உரிமம் கிடையாது, எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். எனக்குக் கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் பிடித்திருந்தது. இங்கே அதற்கு முனைவர் பட்டம் வேண்டும். ஆகவே மாறினேன்.

பூட்டு 3: டேகேர் கணக்கு

இதை ஒரு கற்பனை எண்ணிக்கையில் பார்ப்போம். அம்மாவுக்கு வரப்போகும் சம்பளம் வருஷம் 65,000 டாலர். கணவருடைய வருமானத்தின் மேல் இது உட்காருவதால் மத்திய வரி 22 சதவீதம் என்று வைப்போம். சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்து 7.65 சதவீதம். மாநில வரி 5 சதவீதம். கையில் வருவது ஏறக்குறைய 42,500. இரண்டு குழந்தைகளுக்கு டேகேர் மாசம் 3,000 என்றால் வருஷத்துக்கு 36,000. மிச்சம் 6,500. மாசம் 540 டாலர்.

"இதுக்கா ஓடணும்?" என்று எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் கணக்குப் போட்ட விதம் சரியில்லை.

முதலாவது, டேகேர் செலவை ஏன் அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்க வேண்டும்? குழந்தை இரண்டு பேருக்கும்தானே. வீட்டு வாடகையை யாரும் ஒருவர் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து "நீ வேலைக்குப் போய் என்ன பிரயோஜனம்" என்று கேட்பதில்லை.

இரண்டாவது, டேகேர் செலவு குழந்தையின் வயதோடு இறங்கும். காரணம் ஆள் விகிதம். கலிபோர்னியாவில் கைக்குழந்தைகள் நான்கு பேருக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும்; மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆசிரியர் போதும். கட்டணத்தில் பெரும்பங்கு சம்பளம்தான் என்பதால், குழந்தை வளர வளர விலை குறைகிறது. ஐந்து வயதில் அரசுப் பள்ளியில் கிண்டர்கார்ட்டன் இலவசம். ஜார்ஜியா, ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் நான்கு வயதுக்கே அரசு வகுப்பு உண்டு; கலிபோர்னியாவில் 2025-26 முதல் நான்கு வயதான எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் இருக்கிறது. ஆக, மேலே சொன்ன 36,000 மூன்று நான்கு வருஷத்துக்குத்தான். சம்பளமோ ஏறும். ஒரு வருஷக் கணக்கைப் போடாமல் பத்து வருஷக் கணக்கைப் போடுங்கள். (அதற்குப் பிறகும் செலவு பூஜ்யம் ஆகாது. மூன்று மணிக்குப் பள்ளி விட்டுவிடும், கோடை விடுமுறை பத்து வாரம். அந்த இரண்டுக்கும் ஒரு தொகை எழுதுங்கள்.)

மூன்றாவது, வரிச் சலுகைகள். கணவருடைய கம்பெனியில் 'டிபென்டென்ட் கேர்' கணக்கு இருந்தால், 2026 முதல் ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்கலாம். முன்பு 5,000 ஆக இருந்தது. பொதுவாக இதற்குப் பெற்றோர் இருவருமே சம்பாதிக்க வேண்டும். ஆனால் ஒருவர் முழுநேர மாணவர் என்றால், படிக்கும் ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு குழந்தைக்கு 250 டாலர், இரண்டோ அதற்கு மேலோ என்றால் 500 டாலர் அவர் சம்பாதித்ததாகவே வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். முழுநேரம் படிக்கும் அம்மாக்கள் இதைத் தவறவிடாதீர்கள்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அமெரிக்க ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும், வருஷத்துக்கு நான்குதான் கிடைக்கும், ஆகப் பத்து வருஷ வேலை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லை. அங்கே வேலை பார்த்த வருஷம் இங்கே சேராது. கணவர் கணக்கில் மனைவிக்கு ஒரு பங்கு உண்டுதான். ஆனால் தன் பெயரில் ஒரு கணக்கு தொடங்குவது வேறு. வேலை அனுமதி இல்லாத எச்-4 பெண்ணுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே பொதுவாகக் கிடைக்காது. அந்த எண் வந்த நாளில்தான் இந்த நாட்டின் ஏட்டில் என் பெயரும் ஏறியது என்று எனக்குத் தோன்றியது.

"அம்மா ஆறு மாசம், மாமியார் ஆறு மாசம்" என்ற நம்மூர் ஏற்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பி-2 பார்வையாளர் விசாவில் வழக்கமாக ஒரு தடவைக்கு ஆறு மாசம்தான். பாட்டி தாத்தா வந்து பேரக்குழந்தைகளோடு இருப்பது பெரிய சந்தோஷம். ஆனால் வேலையின் முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றாதீர்கள். முழங்கால் வலியோடு பனிக்காலத்தில் ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடப்பது அவர்களுக்கும் லேசானது இல்லை. விமான டிக்கெட்டும் மருத்துவக் காப்பீடும் சேர்த்துப் பார்த்தால் அது இலவசமும் இல்லை.

பூட்டு 4: வேலை நேரம்

இந்த இடத்தில் ஆய்வுகள் உண்மையிலேயே உதவுகின்றன. டென்மார்க் தரவுகளை வைத்து ஹென்ரிக் கிளெவனும் சக ஆய்வாளர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண் பெண் வருமானம் சேர்ந்தே போவதையும், பிறந்த பிறகு பெண்ணுடையது விழுவதையும் காட்டியது. நீண்ட காலத்தில் அந்த இடைவெளி சுமார் 20 சதவீதம். அரசாங்கமே டேகேருக்கு உதவும் நாட்டிலேயே இப்படி.

காரணத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின். சில வேலைகள் நீண்ட, கணிக்க முடியாத நேரத்துக்கு மிக அதிகமாகக் கூலி கொடுக்கின்றன. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருபவருக்கு இரண்டு மடங்கு. அவற்றைப் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். வீட்டில் ஒருவர் அந்த வேலையை எடுத்தால், இன்னொருவர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஓடிவரும் வேலையைத்தான் எடுக்க முடியும். அந்த இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு எதிர் உதாரணமாக கோல்டினும் லாரன்ஸ் காட்ஸும் காட்டியது எதைத் தெரியுமா? அமெரிக்க மருந்தாளுநர் தொழிலை. தனியார் மருந்துக் கடைகள் குறைந்து பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன, மருந்துகள் தரப்படுத்தப்பட்டன, நோயாளியின் விவரம் கணினியில் இருக்கிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். ஆகவே பாதி நேரம் வேலை பார்ப்பவருக்கும் மணிக்கணக்கில் கிட்டத்தட்ட அதே கூலி. அம்மாக்களுக்கு மிகத் தோதான தொழில்களில் ஒன்று. நம் பி.ஃபார்ம். பெண்களுக்கு மூடிக் கிடக்கும் அதே தொழில்! இதை முதல் தடவை படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் அதிலிருக்கும் விதியை நாம் எடுத்துக்கொள்ளலாம். துறையைத் தேர்ந்தெடுக்கும்போது "இதில் எவ்வளவு சம்பளம்?" என்பதோடு "நான் இல்லாதபோது என் வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்ய முடியுமா?" என்றும் கேளுங்கள். மென்பொருளுக்குள்ளேயே இது மாறும். இரவில் சர்வர் விழுந்தால் போன் அடிக்கும் வேலை ஒன்று. சோதனைத் தானியக்கம், தரவு அறிக்கை மாதிரி, எழுதி வைத்தால் அடுத்தவர் தொடரக்கூடிய வேலை இன்னொன்று. நான் சோதனைப் பிரிவில் தொடங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். சின்னவள் மூன்றாம் வகுப்பு போன பிறகுதான் நேரம் அதிகம் கேட்கும் தரவுப் பொறியியலுக்கு நகர்ந்தேன்.

இடைவெளியை எப்படிச் சொல்வது

ரெஸ்யூமேயில் எட்டு வருஷ இடைவெளியை மறைக்க முயலாதீர்கள். "2008-2016: குடும்பப் பொறுப்பு, வேலை அனுமதி இல்லாத விசா, இக்காலத்தில் முடித்த பாடங்கள்" என்று ஒரே வரி. கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில், பிறகு வேலையைப் பற்றிப் பேச்சு. கோல்ட்மேன் சாக்ஸ் 2008-ல் 'ரிட்டர்ன்ஷிப்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. இப்போது பல பெரிய நிறுவனங்களில் அப்படிப்பட்ட சில மாச, சம்பளத்தோடு கூடிய திட்டங்கள் உண்டு. இவை இடைவெளி உள்ளவர்களுக்கென்றே இருப்பவை. அட்டை கையில் வருவதற்கு முன்பே எந்த மாசம் விண்ணப்பம் திறக்கிறது என்று குறித்து வையுங்கள்.

எனக்கு முதல் வேலை நாற்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு கிடைத்தது, ஆறு மாசக் காண்டிராக்ட். ஓரிடத்தில் நேர்முகத்தில் எல்லாம் நன்றாகப் போய், அட்டையின் காலாவதித் தேதியைக் கேட்டதும் பேச்சு நின்றுபோனது. அப்படியும் நடக்கும். அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

எந்த வரிசையில் செய்வது

1. கணவருடைய ஐ-140 நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி வரும் தேதியை உத்தேசமாகவாவது எழுதுங்கள்.
2. உங்கள் பட்டத்துக்கு இங்கே உரிமம் வேண்டுமா என்று மாநில வாரியத்தின் தளத்தில் நேராகப் பாருங்கள். தோழி சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.
3. பத்து வருஷ டேகேர் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து போடுங்கள். சேர்ந்து என்பது முக்கியம்.
4. அனுமதித் தேதிக்கு ஒன்றரை வருஷம் முன்னால் ஒரு பாடம் எடுங்கள். ஒன்றே ஒன்று.
5. குழந்தையை டேகேர் காத்திருப்புப் பட்டியலில் அட்டை வருவதற்கு முன்பே பதியுங்கள்.

போன வாரம் பேசிய பெண்ணுக்கு ஐ-140 இன்னும் தொடங்கவில்லை, குழந்தைக்குப் பத்து மாசம். "அப்போ நான் இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா அக்கா?" என்றாள். முடியும். முதல் இரண்டு வரியையும் இந்த வாரமே செய்யலாம், பத்துப் பைசா செலவில்லாமல். மீதியைக் குழந்தை தூங்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.